வானத்தின் முன் நின்ற மான்



அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வட எல்லையை ஒட்டி, பாட்டர் கவுண்டி என்றொரு மலை மாவட்டம் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து காரில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முதலில் நகரங்கள் பின்தங்கும், பிறகு ஊர்கள் அருகும், கடைசியில் காடு மட்டுமே கூட வரும். மாவட்டம் முழுவதற்கும் சுமார் 16,000 பேர்தான். அங்கே கோல்டு என்ற சிற்றூருக்கு அருகே ஒரு மேடு உண்டு. அதன் உச்சியில் விழும் மழை மூன்றாகப் பிரிகிறது. ஒரு பங்கு அலெகெனி ஆற்றில் இறங்கி மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. இன்னொரு பங்கு ஜெனசி ஆற்றோடு வடக்கே ஒன்டாரியோ ஏரியில் சேர்கிறது. மூன்றாவது பங்கு பைன் க்ரீக் வழியாகச் சஸ்குவஹானாவில் கலந்து செசபீக் விரிகுடாவை அடைகிறது. மூன்று ஆறுகளுக்குத் தாய்வீடான அந்த மலையில், ஒரு குடும்பத்தோடு மூன்று நாள் தங்கியிருந்தேன்.

நவம்பர் மாதக் கடைசி. தேங்க்ஸ்கிவிங் விருந்து வியாழனன்று முடிந்திருந்தது. சனிக்கிழமை விடிந்தால் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவத்தின் முதல் நாள். 1963 முதல் 2018 வரை அந்த முதல் நாள் திங்கட்கிழமையில் வந்தது. அன்று பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையே விட்டார்கள். 2019-இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். கிழமை மாறியும் குடும்பங்கள் வருவது நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலைப்பாதை நெடுக வண்டி விளக்குகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

அவர்கள் போய்த் தங்கும் இடத்துக்குக் ‘கேம்ப்’ என்று பெயர். கூடாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அது மரத்தால் கட்டிய சிறு வீடு. ஒரே பெரிய அறை, சுவரோரம் இரண்டடுக்குக் கட்டில்கள், நடுவில் விறகடுப்பு. கதவைத் திறந்ததும் புகையும் ஈரக் கம்பளியும் காப்பியும் கலந்த ஒரு வாசனை. குடும்பத்துக்கு மூத்தவரான தாத்தா, அவருடைய இரண்டு மகன்கள், ஒரு மகள், அந்த மகளின் பதின்மூன்று வயதுப் பெண் எல்லாரும் வந்திருந்தார்கள். பேத்தி தாத்தாவை ‘பாப்’ என்று கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தில் தாத்தாவுக்கு வழங்கும் செல்லப் பெயர் அது.

சுவரில் மான்கொம்புகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஆணியடித்துத் தொங்கவிட்ட துணித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஆண்டு. சுட்டுக் குறி தவறியவரின் சட்டை வாலை வெட்டிச் சுவரில் மாட்டுவது பென்சில்வேனியா கேம்ப்களின் பழைய வழக்கம். பாப்பின் துண்டுகளே மூன்று தொங்கின.

இரவு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாப் அந்தக் காட்டின் கதையைச் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக்கம்பெனிகள் இந்த மலைகளை மொட்டையடித்தன. தோல் பதனிட ஹெம்லாக் மரத்தின் பட்டை வேண்டியிருந்தது. பட்டையை உரித்தார்கள், மரத்தைச் சாய்த்தார்கள். கணக்கில்லாமல் சுட்டதில் மானும் தீர்ந்தது. 1900 வாக்கில் மாநிலம் முழுவதிலும் மானைக் காண்பதே அரிதாகிவிட்டது. 1895-இல் தொடங்கிய மாநில வேட்டை ஆணையம் 1906-இல் மிச்சிகனிலிருந்து ஐம்பது மான்களை வாங்கிவந்து காட்டில் விட்டது. அடுத்த ஆண்டே பிணைமானைச் சுடக் கூடாது என்று சட்டம் வந்தது. “எங்க தாத்தா காலத்துக்காரங்க சுடாம விட்டதாலதான் எங்களுக்கு மான் இருக்கு” என்றார் பாப்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மான் வேட்டை குற்றம். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து போன எனக்கு ஒரு கேள்வி இருந்தது. பாடுபட்டு மீட்ட மானை ஏன் சுட வேண்டும்? விடையை மறுநாள் காட்டிலேயே கண்டேன். அங்கே ஓநாயும் மலைச்சிங்கமும் அற்றுப்போய் நூறாண்டுக்கு மேலாகிறது. தடுப்பார் இல்லாமல் பெருகிய மான்கள் தளிர்களை முளையிலேயே மேய்ந்துவிடுகின்றன. வனத்துறை உயரமாக வேலி போட்ட இடத்துக்குள் மரக்கன்றுகள் நெருக்கமாக நின்றன. வேலிக்கு வெளியே பெரிய மரங்களும் வெறும் பெரணியும் மட்டும். பென்சில்வேனியாவில் இப்போது ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்படுகின்றன. ஆனாலும் மான் குறைந்துவிடவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு எழுப்பினார்கள். இரும்பு வாணலியில் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரிந்தன. எல்லாரும் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடை போட்டுக்கொண்டோம். தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாகச் சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் அந்த நிறம் தெரிய வேண்டும் என்பது சட்டம். மனிதருக்குத் தீப்போல் தெரியும் அந்த நிறம் மானின் கண்ணுக்கு மங்கலாகத்தான் படுமாம்.

பேத்தி வேட்டைப் பயிற்சி வகுப்பில் படித்துத் தேறி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அவள் வயதுக்காரர்களுடன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மாமன்மார் தத்தம் பரணுக்குப் பிரிந்து போனார்கள். நான் பாப்போடும் பேத்தியோடும் சாய்ந்து கிடந்த ஒரு ஹெம்லாக் மரத்தின் பின்னால் உட்கார்ந்தேன். சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதுதான் சுடத் தொடங்கலாம். அதுவரை இருட்டு. கால்விரல்கள் மரத்துப்போயின. பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொரு மரமாக உருவம் எடுத்தது. இளம் பீச் மரங்களில் மட்டும் உதிராத வெளிர் இலைகள் காற்றில் சலசலத்தன. தூரத்து மலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிச்சத்தம்.

எட்டு மணிக்கு மேல் இருக்கும். எதிர்ச்சரிவின் முகட்டில் ஒரு கலைமான் வந்து நின்றது. கொம்புகள் இருபுறமும் விரிந்திருந்தன. மூச்சு வெண்புகையாகக் கிளம்பியது. பெண் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பாப் வாய் திறக்கவில்லை, மானைப் பார்க்கவும் இல்லை. பேத்தியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கலாம். அவள் துப்பாக்கியைத் தாழ்த்திப் பாதுகாப்புப் பூட்டைப் போட்டாள். ‘டிக்’ என்ற அந்தச் சின்னச் சத்தம் மானுக்குக் கேட்டுவிட்டது. வெள்ளை வால் ஒருமுறை பளிச்சிட்டது. முகடு வெறுமையானது.

“பின்னால வானம் இருந்துச்சு, பாப்” என்றாள்.

முகட்டில் நிற்கும் மானுக்குப் பின்னால் மண் கிடையாது. குறி தப்பிய தோட்டாவைத் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. அது மலையைத் தாண்டிப் பறந்து, கண்ணுக்குத் தெரியாத எவர் வீட்டிலோ போய் இறங்கும். பாப் தலையசைத்தார். தெர்மோஸைத் திறந்து அவளுக்குத்தான் முதலில் ஊற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் மூத்த மாமனுக்கு ஒரு கலைமான் கிடைத்தது. அவர் முதலில் சீட்டை எழுதி மானின் காதில் கட்டினார். அதைக் கட்டாமல் மானை நகர்த்தக் கூடாது. தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் அதனருகே நின்றார். பிறகு குடலை நீக்கி, கயிறு கட்டி, நாங்கள் எல்லாரும் பனியில் இழுத்து வந்து கேம்ப் வாசலில் இருந்த குறுக்குமரத்தில் தொங்கவிட்டோம். அன்றிரவு ஈரலை வெங்காயத்தோடு வதக்கினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் பெண் சுவரைப் பார்த்தாள். “என் சட்டையையும் வெட்டணுமா?” என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. “அது குறி தவறினவங்களுக்கு. நீ எதையும் தவறவிடலையே” என்றார் பாப்.

ஞாயிற்றுக்கிழமை காலை இறைச்சியை அறுத்தார்கள். ஒரு பகுதியை உப்புக்கண்டம் போட எடுத்துவைத்தார்கள். பசித்தவர்களுக்கு வேட்டைக்காரர்கள் மான் இறைச்சியை வழங்கும் திட்டம் ஒன்று 1991 முதல் அந்த மாநிலத்தில் நடக்கிறது. அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். மிச்சத்தை வெள்ளைத் தாளில் பொட்டலம் கட்டினார்கள். குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை வடித்தார்கள். அடுப்புச் சாம்பலை அள்ளினார்கள். கடைசியாகப் பாப் மேசையருகே நின்று ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு பெயர் எழுதினார். சுட்டவருக்கு ஒரு பங்கு. விறகு பிளந்தவருக்கும் சமைத்தவருக்கும் அதே அளவு. துப்பாக்கியைத் தாழ்த்திய அந்தப் பெண்ணின் பெயரை அவர் எல்லாருக்கும் முதலில் எழுதியிருந்தார்.