கணக்கில் யார் பெயர் இருக்கிறது?
(புனே கேம்ப் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முல்ஷி அணை முளா நதியில் நிற்கிறது. தடுக்காவிட்டால் அந்தத் தண்ணீர் கிழக்கே ஓடி, நம் புனே சங்கத்தில் முத்தாவோடு கலந்து, பீமாவில் சேர்ந்து, உஜனி அணை வழியாகச் சோலாப்பூர் வயல்களுக்குப் போகும். டாட்டா நிறுவனமோ அதை மேற்கே திருப்பி, சுமார் 500 மீட்டர் கீழே பீராவில் இறக்கி, மும்பைக்கு மின்சாரம் எடுக்கிறது.

எந்த மாதம், எவ்வளவு, எந்தப் பக்கம் திறப்பது? இதற்குப் பொறியாளர்கள் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறார்கள். மழை, கொள்ளளவு, தேவை மூன்றையும் கொடுத்தால் அதிகப் பலன் தரும் வழியை அது சொல்லும். ரயில்வேக்காரர்களுக்கு இது புரியும்: இருக்கிற வேகன்களை ஸ்டேஷன்களுக்குப் பங்கிடுவது போலத்தான்.

ஆனால் பலன் என்பது எது? மின்சாரம் மட்டும்தான் என்று எழுதினால் தண்ணீர் மேற்கே போகும். குடிநீரையும் பயிரையும் முதலில் ஒதுக்கு என்று எழுதினால் விடை மாறும். எத்தனை யூனிட் குறையும் என்பதையும் அதே கணக்கு காட்டும். யூனிட்டுக்கு வேறு வழி உண்டு. தாகத்துக்கு உண்டா?

1921இல் முல்ஷி விவசாயிகள் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். அவர்கள் நிலம் யார் கணக்கிலும் ஏறவில்லை, அணை எழுந்தது. பின்னர் பச்சாவத் நடுவர் மன்றம், டாட்டா அணைகள் ஓராண்டில் 54.5 டி.எம்.சி.க்கு மேல் திருப்பக் கூடாது என்றது. அது உச்சவரம்பு. வறட்சி ஆண்டில் எவ்வளவு என்பதுதான் நம் கேள்வி.

பிழைக்க வந்த நாமும் இந்த மண்ணின் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். மராத்தி விவசாயியோடு சேர்ந்து நின்று கேட்போம்: கணக்கை மக்கள் முன் வையுங்கள்!