'பிளாக்' என்னும் கட்டை

(அம்பத்தூரில் நடைபெற்ற தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அது தமிழ்ச்சொல் அன்று. 'பிளாக்' என்னும் ஆங்கிலச்சொல். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லையா? 'பிளாக்'. கழிவுநீர்க் குழாயில் நீர் இறங்கவில்லையா? 'பிளாக்'. வைப்பகக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லையா? 'பிளாக்'. வேண்டாதவன் கைப்பேசியில் அழைத்தால் அவனும் 'பிளாக்'. நெஞ்சு வலிக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனால் அங்கே 'மூன்று பிளாக்'. ஆவடிப் பக்கம் தண்டவாளப் பணி நடந்தால் 'லைன் பிளாக்'. குடியிருப்பின் பகுதியும் 'பிளாக்'. ஊராட்சி ஒன்றியமும் 'பிளாக்'. பத்துச் சொற்கள் அமர வேண்டிய திண்ணையில் ஒரு சொல் கால்நீட்டிப் படுத்திருக்கிறது!

இச்சொல்லின் பிறப்பென்ன? இடைக்கால இடச்சு மொழியில் 'பிளோக்' என்றால் மரத்தின் அடித்துண்டு. அது பிரஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்து, முதலில் மரக்கட்டை என்னும் பொருளிலேயே வழங்கியது. வழியிற் கட்டை கிடந்தால் வழி அடைபடும். ஆதலின் தடுத்தல் என்னும் வினைப்பொருள் பின்னர் அமைந்தது. துறைமுகத்தைச் சூழ்ந்து கப்பல்களைத் தடுக்கும் முற்றுகைக்கு 'பிளாக்கேடு' என்னும் பெயர் வந்ததும் இதனாலேயே. அறிவு மழுங்கியவனை ஆங்கிலேயன் 'கட்டைத்தலையன்' என்பான். நாம் 'மரமண்டை' என்கிறோம்.

ஆக, 'பிளாக்' என்பது கட்டை. தடுக்கின்ற கட்டைக்கு நம்மிடம் சொல் இல்லையா? முட்டுக்கட்டை இல்லையா? தேரோட்டத்தின்போது தேர்க்காலின் கீழ்க் கட்டையிட்டு, மலைபோல் வரும் தேரை நிறுத்தவும் தெருமுனையில் திருப்பவும் வல்ல தொழிலாளர் இன்றும் உள்ளனர். அவர்தம் கைக்கருவியின் பெயரே, 'என் வேலைக்கு முட்டுக்கட்டை போடுகிறான்' என்று எழுத்தறியாதார் வாயிலும் வழங்குகிறது.

இதைக்கொண்டு, 'பிளாக்' தமிழிலிருந்து பிறந்தது என எவரும் முழங்கிவிட வேண்டா. பொருள் ஒத்திருத்தல் வேறு. வேர் ஒன்றாயிருத்தல் வேறு. இரு நாட்டார் கட்டையைக் கண்டனர், ஒரே வகையில் எண்ணினர், அவ்வளவே. பொய்வேர் காட்டுவது மாற்றார் நகைப்பதற்கு நாமே இடங்கொடுப்பதாகும். தமிழின் வளங்காட்ட உண்மையே போதும்.

இன்னோர் ஆங்கிலச்சொல் 'இம்பீடு'. இதன் இலத்தீன் அடி காலைக் குறிப்பது; காலிற் சிக்கவைத்தலே முதற்பொருள். இதை விளங்கிக்கொள்ள உரோமாபுரிக்குப் போக வேண்டா. பக்கத்திலுள்ள திருமுல்லைவாயிலுக்குப் போனாற் போதும். தொண்டைமான் ஊர்ந்துவந்த யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது என்பது அவ்வூர்க் கோயிற்கதை. யானையை நிறுத்திய அந்தக் கொடிக்குத் தமிழில் தளை என்று பெயர்.

தடுத்தலின் வகை ஒவ்வொன்றுக்கும் தமிழ் தனிச்சொல் தந்திருக்கிறது. தீங்கு நேராமல் முன்னரே காப்பது தடுத்தல், அதனால் தடுப்பூசி. திறந்த வழியை மூடுவது அடைத்தல். அதனால் குழாயில் அடைப்பு, நெஞ்சில் மாரடைப்பு, கடைத்தெருவிற் கடையடைப்பு. ஓடும் நீரை நிற்கச் செய்வது தேக்குதல். இயங்குவதை இயங்காமற் செய்வது முடக்குதல். வைப்பகக் கணக்குக்குப் பொருந்துவது இதுவே. வண்டிகள் மிகுந்து ஒன்றையொன்று நெருக்கினால் நெரிசல். குறுக்கே நின்று போகவிடாமற் செய்வது மறித்தல்.

இந்த மறித்தலில் பிறந்ததன்றோ மறியல்! 'பிக்கெட்டிங்கு' என்னும் ஆங்கிலச்சொல்லின் அடி, நிலத்தில் அடித்த கூர்முளையைக் குறிப்பது. முளைக்கு உயிரில்லை, மறியலுக்கு உயிருண்டு. கள்ளுக்கடை முன் மறியல் நடந்தது. 1938-இல் சென்னையிற் பள்ளி வாயிலில் இந்தி எதிர்ப்பு மறியல் நடந்தது. அப்போராட்டத்திற் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்தனர். 1953 சூலை 15-இல் கல்லக்குடியில் தண்டவாளத்திலேயே படுத்து மறித்தனர். ஈழத்தமிழரோ காவலில் வைப்பதை 'விளக்கமறியல்' என்கின்றனர். இத்தனை வாழ்வு வாழ்ந்த சொல்லை விட்டுவிட்டு, 'ரோட்டை பிளாக் பண்ணினார்கள்' என்பதா?

பெருமக்களே, இழப்பு சொல்லோடு நிற்கவில்லை. வேற்றுச்சொல் தமிழில் வினையாகத் தானே நிற்கமாட்டாது. 'பண்ணு' என்றோ 'ஆகு' என்றோ ஊன்றுகோல் கேட்கும். தமிழ்வினைக்கு அது வேண்டா. தேங்கு, தேக்கு, முடங்கு, முடக்கு, விலகு, விலக்கு! மெல்லெழுத்து வல்லெழுத்தாகும், அல்லது ஒற்று இரட்டிக்கும். அந்த ஓரெழுத்திலேயே, தானாக நிகழ்ந்ததா, ஒருவன் செய்ததா என்பது விளங்கிவிடும்.

அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கொரட்டூர் ஏரிக்குச் செல்லும். மதகு, கலிங்கு, வாய்க்கால் என்று ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு ஏரிகளைக் கோத்து வைத்தனர் முன்னோர். 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னையும் புறநகரும் பட்ட துன்பத்தை மறந்தோமில்லை. ஒவ்வொரு மழைக்கும் தெருவில் நீர் நிற்கும்போது என்ன சொல்கிறோம்? 'கால்வாய் பிளாக் ஆகிவிட்டது' என்கிறோம். கேட்பதற்கு எவர்மீதும் குற்றமில்லாததுபோல் ஒலிக்கிறது! 'நீர் தேங்கியது' என்று சொல்லிப் பாருங்கள், 'தேக்கியவர் எவர்?' என்னும் கேள்வி தானே எழும். 'வாய்க்கால் அடைபட்டது' என்று சொல்லுங்கள்; 'அடைத்தவர் எவர்?' என்று அடுத்த வீட்டார் கேட்பார். வாய்க்காலின்மேல் சுவரெழுப்பியவருக்கும் குப்பை கொட்டியவருக்கும் வாய்ப்பான சொல் 'பிளாக்'. கேள்வி கேட்க வேண்டிய மக்களுக்கு அது முட்டுக்கட்டை.

நோயாளிக்கும் அப்படியே. 'மூன்று பிளாக்' என்று கேட்ட தாய், தனக்கு என்ன நேர்ந்ததென்று அறியாமலே கையெழுத்திடுகிறாள். 'குருதிக்குழாயில் மூன்றிடத்தில் அடைப்பு' என்று சொன்னால், அடுக்களைக் குழாயைக் கண்ட அவளுக்கு அது அக்கணமே விளங்கும். எவ்வளவு அடைப்பு, எப்படி நீக்குவீர்கள் என்று கேட்கவும் துணிவாள்.

ஆகவே, நாளை காலை தொழிற்பேட்டைக்குச் செல்லும் தம்பிமார் 'வழியில் நெரிசல்' என்று சொல்லட்டும். வீட்டிலிருக்கும் தங்கைமார் 'குழாயில் அடைப்பு' என்று சொல்லட்டும். பூவிருந்தவல்லியிலும் ஆவடியிலும் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் முறையீடு எழுதுவோர், 'வாய்க்காலை அடைத்துள்ளனர். நீரைத் தேக்கியுள்ளனர்' என்று செய்தவரைச் சுட்டும் வினையால் எழுதட்டும்.

கட்டையை எடுத்தெறியுங்கள், தேர் நகரட்டும்!

வாழ்க தமிழ்!