நம் கறவை மாடுகளுக்கு ஓட்ஸ் ஏற்றதா?

(பெரம்பலூர், அரியலூர் மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர், “பஞ்சாபிலும் ஹரியானாவிலும் ஓட்ஸ் விதைத்து மாடுகளுக்குப் பசுந்தீவனம் அளிக்கிறார்கள். வெப்ப நாட்டில் விளையும் ஓட்ஸ் இனமும் உண்டாம். நாமும் விதைத்தால் என்ன?” என்று வினவினார். கோடையில் வைக்கோலுக்கு அலைந்தவரின் வினா இது. விடை கூறுவது நம் கடமை.

அத்தகைய இனம் இருப்பது மெய்யே. சிவப்பு ஓட்ஸ் எனப்படும் அது மத்தியதரைக் கடலோர நாடுகளில் நெடுங்காலமாகப் பயிராவது. சாதாரண ஓட்ஸைவிட வெயிலைச் சற்றுத் தாங்கும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் அது பரவியது. ஆனால் அங்கெல்லாம் மழைக்காலத் தொடக்கத்தில் விதைத்துக் குளிர்காலத்தில் வளர்த்து, வெயில் ஏறுமுன் அறுத்துவிடுகிறார்கள். ஆகவே வெப்ப நாட்டுப் பயிர் என்பதை, வெப்ப நாட்டின் குளிர்காலப் பயிர் என்றே நாம் கொள்ள வேண்டும்.

வட இந்தியாவிலும் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துப் பனிக்காலத்தில்தான் அறுக்கிறார்கள். ஓட்ஸ் செழிக்க 15 முதல் 25 டிகிரி வெப்பம் போதும். நம் பக்கத்தில் மார்கழிப் பகலிலேயே 28, 30 டிகிரி ஆகிவிடுகிறது. அந்த வெப்பத்தில் பயிர் போதிய தூர் கட்டாமல் அவசரமாகக் கதிர் தள்ளும், தழை குறையும். நீலகிரிக் குளிர் வேறு, நம் கரிசல் வேறு. மேலும் ஏக்கருக்குச் சுமார் 40 கிலோ விதை வேண்டும். அதை வடக்கிலிருந்தே தருவிக்க வேண்டும். ஆசைக்கு ஒரு சென்ட் விதைத்துப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. கடன் வாங்கி ஏக்கர்க் கணக்கில் இறங்க வேண்டாம்.

கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 29 தீவனச் சோளத்தை நாடலாம். ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும். 65 நாளில் முதல் அறுப்பு. பின்னர் சுமார் 50 நாளுக்கொரு முறை மறுதாம்பில் அறுக்கலாம். ஓர் எச்சரிக்கை: சோளத்தின் இளம்பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும் நஞ்சு உண்டு. பூக்கும் முன் மாட்டை அதில் விடாதீர்கள். ஓட்ஸில் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

மானாவாரி நிலமே உள்ளவர்க்கு? பெரம்பலூர்ச் சீமை மக்காச்சோளத்துக்குப் பேர் பெற்றது. கதிர் ஒடித்தபின் தட்டையைக் கொளுத்துவோர் இன்றும் இருக்கிறார்கள். கையில் உள்ள தீவனத்துக்குத் தீ வைத்துவிட்டு, தொலைதூர விதைக்கு ஏங்குகிறோம்! முழுத் தட்டையாகப் போட்டால் மாடு பாதியைக் கழித்துவிடும். நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும். நறுக்கும் இயந்திரம் ஒருவரால் வாங்க இயலாவிடில் நாலைந்து குடும்பங்கள் கூடி வாங்கலாம்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. ஊரில் தண்ணீர் வசதியுள்ள ஒருவர் நிலத்தில் 5 சென்டில் கம்பு நேப்பியர் கரணை நடச் செய்யுங்கள். அது முற்றியதும் அதிலிருந்தே மற்றவர்க்குக் கரணை வெட்டிக் கொடுக்கலாம். முன்வருவோர் பெயரை இக்கூட்டம் கலையுமுன் எழுதிக் கொடுத்தால், வரும் பட்டத்துக்கே ஏற்பாடு செய்வோம்.