ஸ்டோயிக் தத்துவம்: ஏதென்ஸிலிருந்து ரோமுக்கு

கி.மு. 300 அளவில், சைப்ரஸ் தீவின் சிட்டியம் நகரைச் சேர்ந்த ஸீனோ, ஏதென்ஸ் சந்தைவெளியில் ஓவியங்கள் நிறைந்த ஒரு தூண் மண்டபத்தில் பாடம் சொல்லத் தொடங்கினார். ஸ்டோவா எனப்பட்ட அந்த மண்டபத்தின் பெயரே அவர் வழி வந்தவர்களுக்கும் நிலைத்துவிட்டது. வணிகரான ஸீனோ கப்பல் உடைந்து ஏதென்ஸுக்கு வந்ததாகவும், அங்கே ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸின் பெருமையை அறிந்து தத்துவத்தில் இறங்கியதாகவும் ஒரு கதை உண்டு. சில நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதை என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஸ்டோயிக்குகள் சாக்ரடீஸைத் தங்கள் முன்மாதிரியாகக் கொண்டது உண்மை.

தர்க்கம், இயற்கை, அறம் என மூன்று பிரிவுகள் அவர்கள் பாடத்தில் இருந்தன. உலகம் முழுவதும் ஒரு பேரறிவால் இயங்குகிறது; மனிதனின் அறிவு அதன் ஒரு கூறு; ஆகவே அறிவுக்கு இசைய வாழ்வதே நல்வாழ்வு. அறம் ஒன்றே நன்மை. செல்வம், உடல்நலம், புகழ் ஆகியவை விரும்பத்தக்கவைதாம். ஆனால் அவை இல்லாததால் வாழ்வு கெட்டுவிடாது. கோபமும் அச்சமும் தவறான மதிப்பீட்டிலிருந்து பிறப்பவை என்பதால், மதிப்பீட்டைத் திருத்தினால் அவை அடங்கும். ஸ்டோயிக் என்றாலே உணர்ச்சியற்றவர் என்று நினைப்பது பிழை. ஞானிக்கு மகிழ்ச்சியும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு என்றே அவர்கள் சொன்னார்கள்.

இந்தக் கட்டமைப்பை எழுப்பியதில் பெரும்பங்கு கிரிசிப்பஸுக்கு உரியது. எழுநூறுக்கும் மேற்பட்ட சுவடிகள் எழுதியதாகச் சொல்லப்படும் அவருடைய நூல்களில் ஒன்றுகூட முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று கைக்கு எட்டுபவை பெரும்பாலும் ரோமானியக் காலத்து மூவரின் நூல்களே. அம்மூவரும் அறத்தைப் பற்றியே அதிகம் பேசியதால், ஸ்டோயிக் தத்துவம் என்றாலே மனத்திடம் தரும் அறிவுரை என்ற எண்ணம் படிந்துவிட்டது.

அவர்களில் எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்றவர். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்தறிவதே அவர் தந்த முதல் பயிற்சி. அவர் எதையும் எழுதவில்லை. மாணவர் அர்ரியன் குறித்துவைத்த உரைகளே எஞ்சின. செனெகா ஒவ்வோர் இரவும் அன்றைய நடத்தையைத் தானே விசாரித்துக்கொண்டவர். நீரோ மன்னனின் ஆலோசகர், பெரும் செல்வர். எளிமையைப் போற்றிய இவரிடம் இவ்வளவு சொத்தா என்று அவர் காலத்திலேயே கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். கி.பி. 65இல் நீரோவின் ஆணைப்படி உயிரை மாய்த்துக்கொண்டார். 161 முதல் 180 வரை ஆண்ட பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், தனக்குத்தானே கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதினார். அவற்றில் சில போர்ப் பாசறையில் எழுதப்பட்டவை.

ஸ்டோயிக் பயிற்சிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அடிமையும் அறிவுடைய மனிதனே என்று செனெகா வாதாடினாலும், அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. உள்ளத்தைத் திருத்துவதில் காட்டிய கூர்மையை ஸ்டோயிக்குகள் சமூக அமைப்பின்மீது அவ்வளவாகத் திருப்பவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஆல்பர்ட் எல்லிஸ், ஏரன் பெக் ஆகிய உளச்சிகிச்சையாளர்கள் மதிப்பீட்டைத் திருத்தும் முறைக்கு ஸ்டோயிக்குகளை முன்னோடிகளாகக் குறிப்பிட்டனர். பேரறிவு பற்றிய கொள்கை இச்சிகிச்சையாளர்களுக்குத் தேவைப்படவில்லை. ஸ்டோயிக்குகளை நேரடியாகப் படிக்க விரும்பும் மாணவர்கள், எபிக்டெட்டஸின் உரைகளிலிருந்து தொகுத்த சிறு கையேட்டில் தொடங்கி, செனெகாவின் கடிதங்களுக்குப் போகலாம். மார்க்கஸைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது: அவர் விளக்கம் எழுதவில்லை, ஏற்கெனவே கற்றதைத் தனக்கு நினைவூட்டிக்கொண்டார்.