உப்புத் தண்ணீர் போகும் வழி



கொச்சியில் மட்டாஞ்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. மிளகு, சுக்கு, ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். பக்கத்திலேயே காயல். அதைத் தாண்டினால் கடல். ஆனாலும் குடிக்கத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வர வேண்டும். குழாய் வருவதற்கு முன், ஆலுவாவிலிருந்து பெரியாற்றுத் தண்ணீரைப் படகில் கொண்டு வந்தார்கள். வாசலில் கிடக்கும் தண்ணீர் ஏன் வாய்க்கு உதவவில்லை? அதில் உப்பு இருக்கிறது.

அந்த உப்பு வருடம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மழை கொட்டும். ஆறுகள் பெருகி வேம்பநாட்டுக் காயலில் விழும். அப்போது காயலின் மேல் தண்ணீரில் உப்பு மிகவும் குறைந்துவிடும். மாசி, பங்குனியில் ஆறுகள் இளைத்துவிடும். கடல் தண்ணீர் காயலுக்குள் வெகுதூரம் ஏறும்.

காயல் கடலோடு சேரும் வாயை முகத்துவாரம் என்கிறோம். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் நடுவில் அது இருக்கிறது. அகலம் சுமார் 450 மீட்டர். சீன வலைகள் நிற்பது அதன் கரையில்தான். அங்கே தினமும் கடல் ஏறும், இறங்கும். ஏறுவதை அந்த ஊரில் வேலியேற்றம் என்பார்கள். தண்ணீர் உள்ளே வருகிறது, பிறகு வெளியே போகிறது. கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத போக்குவரத்து ஒன்று அடியில் நடக்கிறது.

அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி அளவு தண்ணீர் எடுங்கள். நிறைய உப்புப் போட்டுக் கரையுங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு துளி விடுங்கள். அதன்மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியில் எடுத்து மெதுவாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் கலந்துவிடும். பொறுமையாக ஊற்றினால் நீலம் அடியிலேயே நிற்கும். உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் லேசானது.

மழைக்காலத்தில் கொச்சி முகத்துவாரத்திலும் இதுதான் நடக்கிறது. ஆற்றுத் தண்ணீர் மேலாகக் கடலுக்குப் போகிறது. கடல் தண்ணீர் அடியாகக் காயலுக்குள் நுழைகிறது. ஒரே வாசலில் இரண்டு வழிகள்!

இதற்கு நேர் எதிரான ஓர் இடமும் உண்டு. மட்டாஞ்சேரியிலிருந்து பலர் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதுதான் பாரசீக வளைகுடா. துபாய், தோஹா, குவைத் எல்லாம் அதன் கரையில் உள்ளவை. அந்தக் கடல் ஆழம் குறைந்தது. சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். மழை மிகக் குறைவு. வெயிலோ கொளுத்துகிறது. ஒரு வருடத்தில் ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. சாதாரணக் கடலில் ஒரு கிலோ தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அங்கே 40 கிராம், சில இடங்களில் அதற்கும் மேல்.

அந்தக் கனத்த தண்ணீர் கீழே இறங்குகிறது. ஹோர்முஸ் நீரிணை என்னும் குறுகிய வழியில், அடியாக வெளியேறுகிறது. அதற்கு ஈடாக அரபிக் கடலின் தண்ணீர் மேலாக உள்ளே போகிறது. கொச்சியில் உப்பு அடியாக உள்ளே வருகிறது. அங்கே அடியாக வெளியே போகிறது. வெளியே வந்த உப்புத் தண்ணீர், அரபிக் கடலில் 200, 300 மீட்டர் ஆழத்தில் நெடுந்தூரம் பரவுகிறது. இப்படி வெளியேறாவிட்டால் வளைகுடாவில் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? கப்பலில் போய், பல ஆழங்களில் பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். 1960 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. அந்த வேலைக்குக் கொச்சியும் ஒரு மையம். 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் தொடங்கியது. தலைமையிடம் கோவா. கொச்சியில் அதன் கிளை இருக்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நாளும் பாட்டில் இறக்க முடியுமா? அதனால் கணக்குப் போடுகிறார்கள். கடலின் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மேலிருந்து கீழாகப் பல அடுக்குகளாக்குகிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் வரவு என்ன, செலவு என்ன? தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு? காற்று, வெயில், மழை, ஆறு, கடல் ஏற்றம் எல்லாம் கணக்கில் சேரும். மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான். கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் கணிப்பொறி வேண்டும். கணக்கு ஒன்று சொல்லி, பாட்டில் வேறு சொன்னால், பாட்டிலைத்தான் நம்ப வேண்டும். பிறகு கணக்கைத் திருத்துவார்கள்.

இந்தக் கணக்கு படித்தவர்களின் பொழுதுபோக்கு அல்ல. வளைகுடா நாடுகளில் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்துக் குடிநீர் எடுக்கிறார்கள். மிஞ்சும் கடும் உப்பு நீரைக் கடலிலேயே விடுகிறார்கள். விட்ட உப்பு எங்கே போகும்? தண்ணீர் எடுக்கும் குழாய்க்கே திரும்பி வருமா? இது தெரியாமல் ஆலை கட்டினால் ஆபத்து.

கொச்சிக்குத் தெற்கே இன்னொரு கேள்வி நிற்கிறது. குட்டநாட்டு வயல்கள் பல, கடல் மட்டத்துக்கும் கீழே உள்ளவை. உப்பு ஏறினால் நெல் கருகும். அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே கதவுகளோடு ஓர் அணை கட்டினார்கள். 1976 முதல் அது வேலை செய்கிறது. மார்கழி வாக்கில் கதவுகளை மூடுவார்கள். கோடையில் திறப்பார்கள். உழவர்களுக்கு நன்மை கிடைத்தது. மறுக்க முடியாது. ஆனால் கடலுக்கும் காயலுக்கும் போய்வரும் இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபட்டது. தேங்கிய நல்ல தண்ணீரில் ஆகாயத் தாமரை மண்டியது. உப்புப் பட்டால் அது அழியும். உப்புதான் வரவில்லையே!

கதவு திறக்கும் நாளைப் பற்றி உழவருக்கும் மீனவருக்கும் தகராறு வருவது உண்டு. அறுவடை முடியட்டும் என்கிறார் ஒருவர். இறால் போய்விடுமே என்கிறார் மற்றவர். இரண்டு பேருக்கும் வயிறு இருக்கிறது. எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறக்க வேண்டுமா? சில கதவுகளைப் பத்து நாள் முன்னதாகத் திறந்தால், உப்பு எந்த ஊர் வரை போகும்? எந்த வயலைத் தொடும்? இதற்கும் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடலாம். அந்தக் கணக்கை உழவரும் மீனவரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும்.