விழாக்களுக்கு நடுவே ஒரு மணி நேரம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வடாலாவில் வாழும் தமிழரை ஞாயிற்றுக்கிழமையன்று வீட்டில் காண்பது அரிது. காலையில் பஜனை, நண்பகலில் காலனியில் யாரேனும் ஒருவர் இல்லத்தில் வளைகாப்போ காதுகுத்தோ, மாலையில் கச்சேரி. நவராத்திரி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒன்பது நாளும் கொலுவுக்கு வீடு வீடாகச் சென்று, சேர்ந்த சுண்டலை என்ன செய்வதென்று நம் இல்லத்தரசிகள் திகைப்பதுண்டு. ஊரிலுள்ள சுற்றத்தார் நம்மைத் தமிழை விட்டுத் தொலைவில் வாழ்பவர் என்று எண்ணி இரங்குகின்றனர். மாட்டுங்காக் கடைத்தெருவில் மல்லிகைச் சரமும் வாழையிலையும் குவிந்து கிடப்பதைக் கண்டால் அவ்விரக்கம் பறந்துபோகும்.

இவ்வாழ்வு தானாக முளைத்ததன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். ஆங்கிலமும் தட்டெழுத்தும் கற்றோர் அலுவலக வேலை பெற்று மாட்டுங்காவில் குடியேறினர். கல்விக்கென்று 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. இசைக்கென்று 1952-இல் சண்முகானந்த சபை அமைந்தது. அதன் பேரரங்கம் 1963-இல் திறக்கப்பெற்றது, 1990-இல் தீக்கிரையாயிற்று. எட்டு ஆண்டுகளுக்குப்பின், 1998-இல், அது மீண்டும் எழுந்தது. வந்தேறிய ஊரில் ஓர் அரங்கத்தை இருமுறை எழுப்புவதென்றால் எளிய செயலா?

தாராவியில் பொங்கலன்று பெண்கள் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானையேற்றும் காட்சியை நம்முள் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்? மாட்டுங்காவுக்கும் அதற்கும் இடையே இருப்பது ஒரு ரயில் பாதை. அதைக் கடக்க நமக்கு ஏனோ மனம் வருவதில்லை. சாதியும் சம்பளமும் ஊரிலிருந்து நம்மோடு ரயிலேறி வந்துவிட்டன என்பதே உண்மை.

நார்வே நாட்டைச் சற்று நோக்குவோம். யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் 1956-இல் அங்குச் சென்றார். அவர் காட்டிய வழியில் இளைஞர் சிலர் சென்றனர். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப்பின் அகதிகளாகப் பலர் சென்றனர். வடகோடியில், குளிர்காலத்தில் பல வாரங்கள் கதிரவனே எழாத ஊர்களில், மீன் பதனிடும் ஆலைகளில் வேலை செய்தனர். மாட்டுங்கா போன்றதொரு கடைத்தெரு அவர்களுக்கு ஏது? ஆயினும் அந்நாட்டுத் தமிழர் வார இறுதிகளில் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புகள் நடத்தி வந்துள்ளனர். நாட்டு வாழ்விலும் அவர்கள் பின்தங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து அங்கு வளர்ந்த கம்சாஜினி குணரத்தினம் 2015-இல் ஆஸ்லோ நகரின் துணை மேயரானார். 2021-இல் நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

நமக்கோ எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ஆனால் நம் பிள்ளைகள் பாபநாசம் சிவன் பாடலை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலமும் மராத்தியும். தமிழெழுத்துக்கு மட்டும் நாளில் இடமில்லை. மராத்தி கற்பதை நாம் குறைகூறவில்லை. சோறிடும் நாட்டின் மொழியைக் கற்பது கடமை. இம்மலரையே எடுத்துக்கொள்வோம். பெற்றோர் படிக்கின்றனர், பிள்ளைகள் விளம்பரப் படங்களைப் புரட்டிப் பார்த்து மூடிவிடுகின்றனர். பழைய கட்டடங்கள் இடிக்கப்பெற்று, குடும்பங்கள் டோம்பிவிலிக்கும் நெரூலுக்கும் பெயர்கின்றன. நடந்துபோகும் தொலைவில் தமிழர் கூடியிருக்கும் காலம் இன்னும் எத்தனை நாளோ!

ஆகவே ஒன்று வேண்டுகிறோம். ஞாயிறு காலை பத்து முதல் பதினொன்று வரை காலனியில் எந்நிகழ்ச்சியும் வைக்க வேண்டாம். அவ்வொரு மணி எழுத்து வகுப்புக்கு ஆகட்டும். பஜனையை முன்கூட்டியே முடிக்கலாம். விருந்து சற்றுத் தாமதமானால் குடி முழுகிவிடாது. கற்பிக்க யார் உளர் என்று கேட்பீர்கள். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளில் பயின்ற இளைஞர் தாராவியில் இருக்கின்றனர். அவர்களை நாமே சென்று அழைப்போம். உரிய ஊதியமும் தருவோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே பாயில் அமரட்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் நாடகம் தொடங்குமுன் வாயிலருகேயுள்ள மேசைக்கு வருக. குறிப்பேடு அங்கு வைக்கப்பட்டுள்ளது.