அருகில் நிற்கும் ஆசிரியர்

 

1966ஆம் ஆண்டு தோன்றிய கோவை மருத்துவக் கல்லூரியில் நம் பிள்ளை ஒருவருக்கு இடம் கிடைத்தால் தெருவே மகிழ்கிறது. அதன்பின் வரும் எம்.டி., எம்.எஸ். என்னும் மூன்றாண்டுப் பயிற்சியைப் பற்றி நாம் மேடைகளில் பேசுவதில்லை. இன்று அதனைப் பேச விழைகிறேன்.

அறுவை மருத்துவம் பயில்வோர் முதலில் ஆசிரியர் செய்வதைப் பார்க்கின்றனர்; பிறகு உடனிருந்து உதவுகின்றனர்; அதன்பின் ஆசிரியர் அருகில் நிற்கத் தாமே செய்கின்றனர்; இறுதியில்தான் தனித்துச் செய்கின்றனர். ஒவ்வொரு படியிலும், "இங்கே தையல் இறுகிவிட்டது" என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். செய்த பணிகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும், ஆசிரியர் அதனை அவ்வப்போது மதிப்பிட வேண்டும் என்பது விதி.

ஆனால் கையெழுத்து வேறு, மேற்பார்வை வேறு. நான் பி.எட். பயின்ற காலத்தில், என் பாடக்குறிப்பேட்டின் பக்கந்தோறும் "நன்று" என்று எழுதிய மேற்பார்வையாளர் என் வகுப்பினுள் ஒருநாளும் அமர்ந்ததில்லை. எழுதும்போது நான் கரும்பலகையை மறைத்து நிற்கிறேன் என்பதை, பணியேற்ற மூன்றாம் ஆண்டில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் எனக்குச் சொன்னாள். கரும்பலகை என்பதால் பிழைத்தேன். மயக்க மருந்து கொடுப்பவராக இருந்திருந்தால்?

நமக்கென்றே மற்றோர் இடரும் உண்டு. பேராசிரியர் சுகதேவ் தோராட் தலைமையில் 2006இல் மத்திய அரசு அமைத்த குழு, டெல்லி எய்ம்ஸில் பயின்ற பட்டியல் வகுப்பு, பழங்குடி மாணவர்களைக் கேட்டறிந்தது. செய்முறை, வாய்மொழித் தேர்வுகளில் வேற்றுமை காட்டப்படுகிறது என்றும், ஆசிரியரின் ஆதரவு போதவில்லை என்றும் அவர்களுள் பலர் கூறினர். 2019 மே 22 அன்று, மும்பையில் மகப்பேறு மருத்துவம் பயின்றுவந்த டாக்டர் பாயல் தட்வி என்ற பழங்குடிப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மாணவியர் மூவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். அம்மூவர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது.

திருத்தம் என்பது செய்த வேலையைப் பற்றியது. பிறப்பைப் பற்றிய சொல் திருத்தமாகாது. அத்தகைய சொல் வந்தால் நாளும் இடமும் குறித்து எழுத்து மூலம் முறையிடுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் உரியது. ஆயினும் ஏச்சுக்கு அஞ்சித் திருத்தத்தையும் கேளாமல் ஒதுங்கிவிடாதீர்கள். அறுவை முடிந்த அன்றே, "ஐயா, அடுத்த முறை நான் எதை மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். "எப்படிச் செய்தேன்?" என்று கேட்டால் எனக்குக் கிடைத்த அந்த "நன்று"தான் உங்களுக்கும் கிடைக்கும்.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிய வேண்டும் என்று 2020இல் விதி வந்தது. அங்கே நோயாளிகள் மிகுதி, கற்பிப்போருக்கு நேரம் குறைவு. அங்கு செல்வோர் இருமடங்கு கேட்க வேண்டும்.

நம்மில் மருத்துவரானவர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்விளைஞர்கள் ஞாயிறு மாலையில் அழைத்து ஐயம் கேட்க உங்கள் தொலைபேசி எண் வேண்டும். வாயிலில் செயலாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன், எழுதிவிட்டுச் செல்லுங்கள்.